வைரசு ஆய்வும் கற்பித்தலும்: யாழ்ப்பாணத்திலிருந்தே இந்த வாழ்க்கை அமையுமா?

நெல்லியடி உயிரியல் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வடமராட்சியில் உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். என் மாணவி ஒருத்தியின் சார்பில் இந்த இழையைத் தொடங்குகிறேன். 2024ஆம் ஆண்டுப் பரீட்சை வெள்ளத்தால் இடையில் நிறுத்தப்பட்டு மீண்டும் நடந்தது நினைவிருக்கும். அந்த மார்கழியிலேதான் பருத்தித்துறை, கரவெட்டி, சாவகச்சேரிப் பக்கங்களில் காய்ச்சல் கண்ட சிலர் ஒரு சில நாட்களுக்குள் மூச்சுத்திணறி இறந்தார்கள். அது என்ன காய்ச்சல் என்று உறுதியாகச் சொல்ல முடியாதிருந்த அந்தச் சில நாட்கள், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த இந்தப் பிள்ளையை மிகவும் பாதித்துவிட்டன. பிறகு அது எலிக்காய்ச்சல் என்று தெரியவந்தது. அது பற்றீரியாவால் வருவது, வைரசால் வருவதன்று என்பதை அவளே தன் தோழிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். ஆனாலும் அன்றிலிருந்து, காய்ச்சலுக்குப் பெயர் கண்டுபிடிக்கிற வேலைதான் தனக்கு வேண்டும் என்கிறாள். வைரசியல் படித்து, ஆராய்ச்சி செய்து, பல்கலைக்கழகத்தில் கற்பிக்க வேண்டும் என்கிறாள்.

பெற்றோருக்கு இது விளங்கவில்லை. புள்ளி போதுமானதாக வந்தால் வைத்தியராகட்டும், அதற்குப் பிறகு நோயாளரைப் பார்க்கிற ஒரு துறையில் நிபுணராகட்டும் என்பது அவர்களுடைய விருப்பம். "ஆய்வுகூடத்துக்குள் அடைபட்டுக் கிடப்பதற்கா இவ்வளவு படிப்பு?" என்று தகப்பனார் என்னிடமே கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பாடநூலில் உள்ள வைரசின் அமைப்பை என்னால் கற்பிக்க முடியும். ஒரு வைரசியலாளரின் நாள் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. இங்கே அந்தத் துறையில் இருப்பவர்கள் உண்மையைச் சொன்னால் நன்றியுடையவளாவேன். குறிப்பாக, கற்பித்தலும் ஆராய்ச்சியும் ஒருவரால் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சேர்த்துச் செய்யக்கூடியவையா?


கோண்டாவில் விரிவுரையாளர் எழுதியது:

ரீச்சர், உங்கள் மாணவியின் கேள்வியை வாசித்தபோது மனம் நிறைந்துவிட்டது. நான் மருத்துவ மாணவர்களுக்கு வைரசியல் கற்பித்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. முதலில் வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவபீடத்தில் ஐந்து வருடம் படித்து, உள்ளகப் பயிற்சி முடித்து, கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தினூடாக வைரசியலில் எம்.டி. செய்து, வெளிநாட்டுப் பயிற்சியும் பெற்று வைத்திய நிபுணராக வருவது ஒரு வழி. விஞ்ஞானபீடத்தில் சிறப்புப் பட்டம் பெற்று, அதன்பின் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்வது இன்னொரு வழி. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தில் பட்டம் பெற்று மேலே போகிறவர்களும் இருக்கிறார்கள். எந்த வழியும் பத்து வருடத்துக்குக் குறையாது என்பதைப் பெற்றோருக்கு இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இனி, வேலை எப்படிப்பட்டது என்பதற்கு வருகிறேன். அதற்கு நான் விட்ட ஒரு பிழையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பயிற்சியில் இருந்த காலம், ஊர் பெயர் வேண்டாம், வடகீழ்ப் பருவமழை பெய்து ஓய்ந்து டெங்கு உச்சத்தில் இருந்தது. ஒரு பிள்ளையின் குருதி மாதிரி வந்தது. டெங்கு வைரசு தன் பெருக்கத்தின்போது குருதியில் விடுகிற என்.எஸ்.1 என்ற புரதம் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. இல்லை என்று எழுதிக் கையொப்பம் வைத்து அனுப்பினேன். கோரிக்கைப் படிவத்தில் "காய்ச்சலின் எத்தனையாவது நாள்" என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. அதை நான் கவனித்தேன். கவனித்தும் விடுதிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கவில்லை. மேசையில் இன்னும் ஐம்பது குழாய்கள் இருந்தன.

அது ஆறாவது நாள். என்.எஸ்.1 முதல் சில நாட்களில்தான் நன்றாகத் தென்படும். அதிலும் முன்பொருமுறை வேறொரு வகை டெங்கு கண்டவருக்கு, கிருமியை எதிர்க்க உடம்பு ஏற்கெனவே ஆக்கி வைத்துள்ள பிறபொருளெதிரிகள் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்வதால், அது இன்னும் சீக்கிரமாகவே அகப்படாமற் போகலாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு வந்த குருதியில், புதிய தொற்றுக்கு உடம்பு முதலில் ஆக்கும் ஐ.ஜி.எம். பிறபொருளெதிரியை அல்லவா நான் தேடியிருக்க வேண்டும்? டெங்கில் மிகவும் ஆபத்தான கட்டம் காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் வருகிறது. குருதிக்குழாய்களிலிருந்து குருதியின் நீர்ப்பகுதி கசியத் தொடங்குகிறபோது பிள்ளையின் உடம்பு தொட்டுப் பார்த்தால் குளிர்ந்திருக்கும். தாய் சுகம் வந்துவிட்டது என்று நினைப்பாள். என் அறிக்கையும் டெங்கு இல்லை என்றது. அந்தப் பிள்ளை அன்றிரவு குருதியோட்டம் குன்றி அதிர்ச்சி நிலைக்குப் போய், இரண்டு நாள் தீவிர சிகிச்சைக்குப் பிறகு பிழைத்தது. எவரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. படிவத்தை நிரப்பாதது விடுதிதானே என்று கூடச் சொன்னார்கள். ஆனால் அந்த வெறுமையான கட்டம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதனால் என் முதல் விரிவுரையில் வைரசின் படத்தை நான் காட்டுவதில்லை. நிரப்பாத கோரிக்கைப் படிவம் ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து, எந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் இந்தப் பரிசோதனைக்குப் பொருள் இல்லாமற் போகும் என்று கேட்கிறேன். ஒரு மணித்தியாலம் முழுவதும் அதைப் பற்றியே பேசுகிறோம். வைரசு எப்போது குருதியில் இருக்கும், புரதம் எப்போது, பிறபொருளெதிரி எப்போது என்ற முழுப் பாடமும் அந்த ஒரு கட்டத்திலிருந்தே விரிந்துவிடும். கற்பித்தலும் ஆய்வுகூட வேலையும் இரண்டு வேலைகளா என்று தகப்பனார் கேட்டால், எனக்கு அவற்றைப் பிரித்துச் சொல்லத் தெரியாது.


ஸ்காபரோ ஆய்வாளர் எழுதியது:

அக்கா, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். உங்களைப் போன்றவர்களிடம் படித்திருந்தால் நான் ஊரிலேயே இருந்திருப்பேனோ என்னவோ. ஆனால் ஒரு இளம்பிள்ளைக்கு வழி சொல்லும்போது மனதுக்குப் பிடித்ததை மட்டும் சொல்லிவிட முடியாது. நான் கனடாவில் தடுப்பூசி ஆய்வுகூடமொன்றில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன். எனக்கு ஒரு நொதியம் தேவைப்பட்டால் இன்றைக்குப் பதிந்து இந்தக் கிழமைக்குள் பெற்றுக்கொள்கிறேன். ஊரில் என் நண்பருக்கு அதே பொருள் வந்து சேர மாதக்கணக்கில் ஆனது. வந்தபோது உலர்பனி ஆவியாகி, பொருள் பழுதாகிவிட்டது. அதோடு அவருடைய ஒரு வருட வேலை போயிற்று.

மலிக் பீரிசின் வாழ்க்கையைப் பாருங்கள். 1949இல் கண்டியில் பிறந்து, பேராதனையில் மருத்துவம் படித்து, ஒக்ஸ்போர்ட்டில் 1981இல் கலாநிதிப் பட்டம் பெற்று, திரும்பிப் பேராதனைக்கே வந்து வைரசியல் கற்பித்தார். அந்த மனிதராலேயே இலங்கையில் தொடர்ந்து இருக்க முடியவில்லை. 1988இல் இங்கிலாந்துக்குப் போனார், 1995இல் ஹொங்கொங் போனார். 1997இல் பறவைக் காய்ச்சல் எச்5என்1 மனிதருக்குத் தொற்றி 18 பேரில் 6 பேர் இறந்தபோது அந்த ஊரில் இருந்தார். 2003இல் சார்ஸ் நோய்க்குக் காரணம் ஒரு புதிய கொரோனா வைரசு என்று கண்டறிந்த அணிக்குத் தலைமை தாங்கினார். 2006இல் லண்டன் ரோயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பேராதனையில் இருந்திருந்தால் இவையெல்லாம் நடந்திருக்குமா? பிள்ளை முதலில் வெளியே வந்து நல்ல ஆய்வுகூடமொன்றில் கலாநிதிப் பட்டம் செய்யட்டும். திரும்புவதா இல்லையா என்பதைப் பிறகு யோசிக்கலாம்.


சாவகச்சேரி ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் எழுதியது:

வைத்தியரானால்தான் அல்லது கலாநிதியானால்தான் வைரசியல் என்ற எண்ணத்தோடு இந்த உரையாடல் போகிறது என்று எனக்குப் படுகிறது; அதனால் என் பக்கத்தையும் எழுதுகிறேன்.

2020 சித்திரையில் யாழ்ப்பாணத்தில் கொரோனாவுக்கான பி.சி.ஆர். பரிசோதனை தொடங்கிய நாட்களில் இரவு வேலை செய்தவர்களில் நானும் ஒருவன். வெளியே ஊரடங்கு. தெருவில் நாய்கூட இல்லை. உள்ளே ஒரு தட்டில் 96 சிறு குழிகள். ஒவ்வொன்றிலும் நுண்குழாயியால் சில துளிகள். இரட்டைக் கையுறைக்குள் விரல்கள் வியர்த்து ஊறிப்போயிருக்கும். மருந்துக் கலவை தயாரிக்கிற அறை வேறு, மாதிரியிலிருந்து வைரசின் ஆர்.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கிற அறை வேறு, இயந்திரம் இருக்கிற அறை வேறு. ஒன்றிலிருந்து முன்னே போகலாம், அதே மேலங்கியோடு பின்னே வரக்கூடாது. ஒருவருடைய மாதிரியின் தூசளவு இன்னொருவருடைய குழிக்குள் விழுந்துவிட்டால், நோயில்லாத ஒரு குடும்பத்தைத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு அனுப்பிவிடுவோம் என்ற பயம் எந்த நேரமும் இருந்தது. இயந்திரம் வைரசின் மரபுப் பொருளைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கித் தேடும். திரையில் கோடு தட்டையாகப் போய்க்கொண்டிருந்து, முப்பதாவது சுற்றுக்குப் பக்கத்தில் வைரசு இருக்கிறது என்று காட்டி மெல்ல மேலே வளைகிறபோது, அறையில் இருந்த மூவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். அது யாரோ ஒருவருடைய வீட்டுக்குக் காலையில் போகப்போகிற செய்தி.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990இலிருந்து இரண்டு தசாப்தத்துக்கு மேலாக யாழ்ப்பாணம் நாட்டின் மின்வலையோடு இணைக்கப்படாமல் கிடந்தது. அந்தக் காலத்தில் தடுப்பூசி மருந்துகளை மண்ணெண்ணெய்க் குளிர்சாதனப் பெட்டியில் காத்தவர் என் மாமா. மண்ணெண்ணெய் பொன்னாக இருந்த நாட்களில், வீட்டு விளக்குக்கு இல்லாவிட்டாலும் அந்தப் பெட்டியின் திரி அணையக்கூடாது என்று காவல் இருந்தவர். இலங்கையில் இளம்பிள்ளைவாதத்தின் கடைசி நோயாளர் பதிவானது 1993இல். அந்த வரலாற்றில் ஒரு திரிக்கும் பங்குண்டு என்று அவர் சொல்வார். நான் ‑80 பாகைக் குளிர்பெட்டியின் எச்சரிக்கை ஒலி கேட்டு நள்ளிரவில் மோட்டார் சைக்கிளில் ஓடுகிறபோது அவரைத்தான் நினைப்பேன்.

ஸ்காபரோ அண்ணா ஒரு பெரியவரைச் சொன்னார். நானும் ஒருவரைச் சொல்கிறேன். ஜூன் அல்மெய்டா கிளாஸ்கோவில் பேருந்துச் சாரதி ஒருவருடைய மகள். பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளராகச் சேர்ந்தார். பின்னர் கனடாவில் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கைதேர்ந்து, 1960களில் லண்டனில் மனிதருக்குத் தொற்றும் கொரோனா வைரசை முதன்முதலில் படமெடுத்தவர் அவர்தான். பிறபொருளெதிரியைச் சேர்த்தால் வைரசுத் துணிக்கைகள் ஒன்றுகூடித் தெளிவாகத் தெரியும் என்ற கைப்பக்குவம் அவருடையது. பட்டம் பிறகு வந்தது. ஆகவே, பிள்ளைக்கு மருத்துவபீடத்துக்குப் புள்ளி போதாமற் போனாலும் கதவு அடைபட்டுவிட்டது என்று ரீச்சர் நினைக்க வேண்டாம்.


கோண்டாவில் விரிவுரையாளர் எழுதியது:

தம்பி சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. நான் கையொப்பமிடுகிற ஒவ்வொரு அறிக்கைக்குக் கீழும் அவரைப் போன்ற இரண்டு பேருடைய இரவு இருக்கிறது.

ஸ்காபரோத் தம்பிக்கு: நீங்கள் சொன்ன விபரங்கள் சரி, ஆனால் அவற்றிலிருந்து நான் எடுக்கிற முடிவு வேறு. மலிக் பீரிஸ் ஒக்ஸ்போர்ட்டில் செய்த ஆய்வு எதைப் பற்றியது என்று பாருங்கள். டெங்கின் குடும்பத்தைச் சேர்ந்த வைரசுகள், உடம்பில் உள்ள பிறபொருளெதிரியையே ஏணியாகப் பிடித்துக்கொண்டு வெண்குருதிக் கலங்களுக்குள் ஏறிப் பெருகக்கூடும் என்பதை அவரும் உடனாய்வாளர் போர்ட்டர்பீல்டும் 1979இல் கலவளர்ப்பில் காட்டினார்கள். டெங்கில் நான்கு வகைகள் உண்டு. ஒன்று வந்து மாறிய பின் இன்னொன்று வந்தால் நோய் கடுமையாவதற்கான முக்கிய விளக்கம் அதுதான். பிலிப்பைன்சில் 8 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்குத் தடுப்பூசி போட்ட பிறகு, முன்பு ஒருபோதும் டெங்கு காணாத பிள்ளைகளுக்கு அது ஆபத்தைக் கூட்டலாம் என்று 2017இன் இறுதியில் தெரியவந்து அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குப் பின்னாலும் இதே ஐயம்தான் இருந்தது. அதே 2017இல் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. மலிக் பீரிஸ் பேராதனைக்குத் திரும்பி வந்து செய்த வேலையும் எங்கள் வயல்களிலிருந்து வந்ததுதான். எண்பதுகளின் நடுவில் அனுராதபுரத்தில் ஜப்பானிய மூளையழற்சி பரவியபோது, நெல்வயலில் பெருகும் நுளம்பு, அது கடிக்கும் பன்றி, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ற அந்தத் தொடரை அவருடைய அணி ஆராய்ந்தது. விலங்கிலிருந்து மனிதனுக்கு எப்படி வருகிறது என்ற அந்தக் கேள்வியோடுதான் அவர் ஹொங்கொங்கின் கோழிச் சந்தைக்குப் போனார்.

இன்னொன்று. 2003இல் 8 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குத் தொற்றி 774 பேரைக் கொன்ற சார்சின் வைரசை அவர்கள் எப்படிப் பிடித்தார்கள்? நோயாளியின் நுரையீரல் இழையத்தைக் குரங்கின் சிறுநீரகக் கலங்களில் வளர்த்து, நாட்கணக்காகக் காத்திருந்து, கலங்களில் ஒரு மாற்றத்தைக் கண்டார்கள். அந்த மாற்றத்தை உண்டாக்கியதுதான் நோய்க்கும் காரணம் என்று எப்படித் தெரியும்? நோயாளர்களுடைய முதல் நாட்களின் குருதியையும், சில கிழமைகளுக்குப் பின் எடுத்த குருதியையும் அந்தக் கலங்களோடு சேர்த்துப் பார்த்தார்கள். முதற் குருதியில் இல்லாத பிறபொருளெதிரி இரண்டாவதில் எழுந்திருந்தது. சோடிக் குருதி என்ற இந்த முறை நூறு வருடத்துக்குக் குறையாத பழைமை உடையது. அதற்கு மேலை நாட்டின் செல்வம் வேண்டியதில்லை. வேண்டியது, சுகமாகி வீட்டுக்குப் போன ஒருவரை மூன்று கிழமைக்குப் பின் தேடிப்போய், "அம்மா, இன்னொரு தரம் கொஞ்சம் குருதி தருவீர்களா?" என்று கேட்கிற ஒருவர்.

அதுதான் எங்களிடம் இல்லை. எங்கள் நோயாளர்களில் இரண்டாவது குருதிக்குத் திரும்பி வருகிறவர்கள் மிகக் குறைவு. வேலை, போக்குவரத்து, ஊசிக்குப் பயம், சுகம் வந்தபின் ஏன் என்ற நியாயமான கேள்வி. அதனால் ஒவ்வொரு மாரியிலும் "வைரசுக் காய்ச்சல்" என்று மட்டும் எழுதப்பட்டுப் பெயரில்லாமல் போகிற காய்ச்சல்கள் எத்தனையோ. என் மாணவர்கள் தங்கள் ஆய்வுத் திட்டத்துக்காகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரோடு ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் இந்த இரண்டாவது குருதியை எடுத்து வந்த வருடம்தான், ஆராய்ச்சி என்ற சொல்லுக்குத் தகுதியான ஒன்றை நாங்கள் செய்த வருடம். வெளிநாட்டுக்குப் போய்ப் படிப்பது நல்லது; நானும் போனேன். ஆனால் எங்கே இருந்தால் கேள்வி கிடைக்கும் என்பதையும் பிள்ளை யோசிக்க வேண்டும்.


குருநகர் விலங்கியல் மாணவன் எழுதியது:

கேள்வி இங்கேதான் கிடைக்கும் என்பதற்கு என் ஊரே சாட்சி. டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் முட்டையிடும் என்று நாங்கள் சிறுவயதில் சுவரொட்டிகளில் படித்தோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சேர்ந்தவர்கள் குருநகர் போன்ற கரையோர இடங்களில், கைவிடப்பட்ட படகுகளிலும் பாவனையில்லாத கிணறுகளிலும் எறியப்பட்ட பாத்திரங்களிலும் தேங்கிய உவர்நீரில், டெங்கைப் பரப்பும் ஈடிசு நுளம்பின் குடம்பிகள் உயிரோடு வளர்வதைக் கண்டு 2011இல் வெளியிட்டார்கள். லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரிலும் அவை இருந்தன. கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம். படகின் அடியில் தேங்கிய நீரை எங்கள் வீட்டில் எவரும் நுளம்புக்கு இடமாக நினைத்ததில்லை. "உப்புத்தண்ணியில் நுளம்பு வராது" என்று அப்பு அடித்துச் சொல்வார். நான் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் அந்த நீரை அள்ளி, குடம்பிகள் தலைகீழாகத் தொங்கி நெளிவதை அவருக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் படகைத் தானே கவிழ்த்து வைத்தார்.

நிலத்தடி நீர் உவராகிக்கொண்டிருக்கிற சுண்ணக்கல் நிலம் எங்களுடையது. இந்தக் கேள்வியைக் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் வேறெங்கும் இல்லை. வைரசை மட்டும் படித்தால் போதாது, அதைச் சுமக்கிற பூச்சியையும் படிக்க வேண்டும் என்று அந்த அக்காவுக்குச் சொல்லுங்கள், ரீச்சர்.


மூன்றாம் வருட மருத்துவ மாணவி எழுதியது:

நான் இப்போது வைரசியல் படித்துக்கொண்டிருக்கிறேன். கற்பித்தலைப் பற்றி மாணவர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். உயர்தரம் வரை தமிழில் படித்தோம். பிறபொருளெதிரி, நிர்ப்பீடனம், கலம், இழையம் என்று கனவிலும் சொல்லக்கூடியவாறு இருந்தோம். மருத்துவபீடத்துக்குள் வந்த நாளிலிருந்து எல்லாம் ஆங்கிலம். இரண்டு வருடத்தில் ஆங்கிலச் சொற்கள் பழகிவிட்டன. ஆனால் விடுதியில் ஒரு தாய், "காய்ச்சல் விட்டிட்டுது, பிறகேன் பிள்ளையை மறிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டபோது, கசிவு என்ற ஒன்றை அவருக்குத் தமிழில் எப்படி விளக்குவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றேன். அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் இங்கே வந்து, மானிப்பாயில் 1864இலிருந்து மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். இரணவைத்தியம் (சத்திரசிகிச்சை), கெமிஸ்தம் (இரசாயனவியல்) என்று நூல்களையே ஆக்கினார்கள். நூற்றைம்பது வருடத்துக்குப் பின் வந்த நான் ஒரு தாய்க்குப் பதில் சொல்லத் திணறியது எனக்கு வெட்கமாக இருந்தது. வைரசியல் கற்பிக்க வருகிறவர், தமிழில் விளக்கவும் எங்களைப் பழக்குகிறவராக இருக்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. சில பாடங்களில் வைரசுகளின் பெயர்ப்பட்டியலை மனனம் செய்து, பரீட்சை முடிய மறந்துவிடுகிறோம். எங்களுடைய ஆய்வுத் திட்டங்களும் பல வேளைகளில் வினாக்கொத்து நிரப்புவதோடு முடிந்துவிடுகின்றன. மாணவர் ஒருவருடைய சிறிய ஆய்வால் உண்மையில் ஏதாவது நடக்குமா?


கோண்டாவில் விரிவுரையாளர் எழுதியது:

நடக்கும், மகள். சென்னையில் நடந்தது. 1985இன் இறுதியில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்த சுனிதி சாலமன் தன் பட்டப்பின் மாணவி நிர்மலாவிடம், எச்.ஐ.வி. இங்கே இருக்கிறதா என்று தேடிப்பார் என்று சொன்னார். இந்தியாவில் அந்த நோய் இல்லை என்றே அப்போது பெரும்பாலோர் நம்பினார்கள். நிர்மலா மூன்று மாதமாகப் பாலியல் தொழிலாளரிடமிருந்து எண்பதுக்கு மேற்பட்ட குருதி மாதிரிகளைச் சேர்த்தார். வைப்பதற்கு இடமில்லாததால் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்தார். சென்னையில் பரிசோதிக்க வசதி இருக்கவில்லை. ஐஸ் பெட்டியோடு வேலூருக்கு இரவு ரயிலேறினார்கள். 1986 மாசியில் அங்கே பார்த்தபோது ஆறு குழிகள் மஞ்சளாகியிருந்தன. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது அப்படித்தான். அது ஒரு மாணவியின் பட்டத்துக்கான ஆய்வு. ஆசிரியர் கொடுத்தது ஒரு கேள்வி, அவ்வளவுதான். சுனிதி சாலமன் 2015இல் இறக்கும்வரை அந்த நோயாளர்களோடேயே இருந்தார்.

தமிழில் விளக்குவது பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் உறைத்தது. இந்தத் தவணையிலிருந்து செய்முறை வகுப்பின் கடைசி இருபது நிமிடத்தை அதற்கே ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன்: ஒருவர் தாயாக இருக்க, மற்றவர் விளக்க வேண்டும்.


ஸ்காபரோ ஆய்வாளர் எழுதியது:

அக்கா, சோடிக் குருதி பற்றி நீங்கள் எழுதியதற்குப் பிறகு என்னால் முன்னைப்போல் உறுதியாகப் பேச முடியவில்லை. பொருட்கள் தாமதமாவதும் பணம் இல்லாததும் உண்மை. அதை நான் இன்னும் சொல்வேன். ஆனால் என் ஆய்வுகூடத்தின் பெட்டியில் இருக்கிற டெங்குக் குருதிகள் எல்லாம் எங்கிருந்தோ எவரோ ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் எடுத்தவைதான். எடுத்தவருடைய பெயர் எனக்குத் தெரியாது. மாணவி எந்தத் துறையில் சேர்ந்தாலும், வெளிநாட்டுப் புலமைப்பரிசில் விண்ணப்பம் எழுதுகிற காலம் வந்தால் நான் வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன். ரீச்சர், என் தொடர்பைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.


நெல்லியடி உயிரியல் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை அச்செடுத்துக்கொண்டு நேற்றுப் பின்னேரம் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். தகப்பனார் கமக்காரர். மார்கழியில் வெள்ளம் நின்ற வயலுக்குள் இறங்கி வேலை செய்தவர். எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பாகக் கொடுத்த டொக்சிசைக்கிளின் குளிசையைத் தானும் விழுங்கியவர். விரிவுரையாளரின் முதற் பதிவை நான் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். வெறுமையான கட்டம் பற்றிய இடம் வந்தபோது, "அந்தப் பிள்ளை இப்ப எப்படி?" என்று மட்டும் கேட்டார். பிறகு, ஆய்வுகூடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தாயாருக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. பத்து வருடம் என்ற கணக்கு அவரைக் கவலைப்படுத்துகிறது. அது இருக்கட்டும்.

மாணவி ஒரு கேள்வியை உங்களிடம் கேட்கச் சொன்னாள். அவளுடைய சொற்களிலேயே எழுதுகிறேன்: "மார்கழியில் இறந்தவர்களிடம் இரண்டாவது குருதி எடுக்க முடியாது. அப்படியானால் அவர்களுடைய முதற் குருதியை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்? அதை எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள்?"


கோண்டாவில் விரிவுரையாளர் எழுதியது:

ரீச்சர், அந்தப் பிள்ளை இப்போது நல்ல வேலையில் இருக்கிறது என்று தகப்பனாருக்குச் சொல்லுங்கள். ஒரு தடவை என்னை வந்து பார்த்தது.

மாணவியின் கேள்விக்கு: முதல் கிழமையில் எடுத்த குருதியானால், அதில் கிருமியே இருக்கும். ஆகவே இரண்டாவது குருதி இல்லாவிட்டாலும், கிருமியின் மரபுப் பொருளைப் பி.சி.ஆர். முறையால் தேடலாம், எலிக்காய்ச்சலின் பற்றீரியாவுக்கும் அது பொருந்தும், டெங்கு வைரசுக்கும் பொருந்தும். ஆனால் அந்தக் குருதி உடனே குளிரில் வைக்கப்பட்டிருக்க வேண்டும். ‑80 பாகையில் வைத்தால் பல வருடம் இருக்கும், அறை வெப்பநிலையில் ஒரு பகல் கிடந்தாலே பழுதாகத் தொடங்கிவிடும். குழாயின் மேல் பெயரோடு, எடுத்த திகதியும் காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதும் எழுதியிருந்தால்தான் அதன் முடிவுக்குப் பொருள் உண்டு.

மீதியை எழுத்தில் விளக்குவதைவிட நேரில் காட்டுவது இலகு. வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு அவளை அழைத்து வாருங்கள், தாயாரும் வரட்டும். சாவகச்சேரித் தம்பியும் அன்று வருவதாகச் சொல்லியிருக்கிறார், குளிர்பெட்டியைத் திறந்து காட்டுவார். விரல்கள் மூடிய சப்பாத்து போட வேண்டும், தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வர வேண்டும்.